ஷரத்து மாமா வைத்த வாடகைப் பரீட்சை

பம்பாயில் கடையை வாடகைக்கு விட ஆயிரம் பேர் இருந்தார்கள். வாடகைக்கு வருகிறவனை உட்காரவைத்துப் பரீட்சை நடத்தியவர் எங்கள் ஷரத்து மாமா ஒருவர்தான். அவர் கட்டடத்து மாடியில் குடியிருந்தவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றும் கர்வம் உண்டு.

அறுபதுகளின் தொடக்கம். மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளை ஒட்டிய தெரு. கட்டடத்தின் முகப்பில் ஷீட் கூரை போட்ட ஒரு கடை மாமாவுக்குச் சொந்தம். வாலிபத்தில் காப்பிப்பொடிக் கடை வைத்திருந்தவர், படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தால் மூட்டையோடு தெருவுக்கு வந்தாராம். அன்றிலிருந்து ஒவ்வொரு ஷரத்தையும் வேதம்போல் பாராயணம் செய்வார். ஊரெல்லாம் கடைச்சாவிக்குப் ‘பகடி’ என்று கைநிறைய முன்பணம் வாங்கியபோது, மாமாவுக்குச் சரியான பதில் மட்டும் போதும்.

“கூரை ஒழுகினா யார் பொறுப்பு?” என்று ஒரு புடவை வியாபாரியைக் கேட்டார்.

“எல்லாம் பகவான் செயல், மாமா.”

“அப்போ அவரையே வந்து கையெழுத்துப் போடச் சொல்லும்!”

இன்னொருவர் நோட்டுப் புத்தகக் கடைக்காரர். “படிச்சாச்சு, எல்லாம் ஃபர்ஸ்ட் கிளாஸ்” என்று சொல்லிப் பேனாவை எடுத்தார். “பேஷ். விடியக்காலம் வந்து எங்காத்துக்குத் தண்ணி ரொப்பிடும்” என்றார் மாமா. கடைசிப் பக்கத்தில் அப்படியொரு ஷரத்தை அவரே நுழைத்து வைத்திருந்தார். மனிதர் பேனாவை விட்டுவிட்டு ஓடினார்.

பிறகு வந்தார் காசிம் பாய். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தாராவியில் தோல்பெட்டி செய்யும் பட்டறை வைத்திருந்தார். “எனக்கு இங்கிலீஷ் தெரியாது சாமி. ஒவ்வொரு வரியா தமிழ்ல சொல்லுங்க” என்று சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். ‘உரிமையாளர் விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்லலாம்’ என்ற இடம் வந்ததும் கையைத் தூக்கினார்.

“நான் கண்ணாடி அலமாரி அடிச்சு, போர்டு மாட்டி, நாலு கிராக்கி வர ஆரம்பிச்சதும் நீங்க போன்னா போயிரணுமா? இதுக்கு ஃபுட்பாத்துலயே விரிச்சிருவேனே சாமி!”

மாமா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். “சபாஷ் ஓய்! இதை ஒருத்தனாவது கேக்கறானான்னு பார்க்கத்தான் எழுதி வச்சேன். அடிச்சுடும் அதை!”

ஐந்து வருஷக் குத்தகை என்று முடிவாயிற்று. நடுவில் வாடகை ஏறாது; ஒருவர் மற்றவரைக் கழற்றிவிடவும் முடியாது. கூரை மாமா பொறுப்பு, உள்ளே இருப்பதெல்லாம் பாய் பொறுப்பு. சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

முதல் மழைக்கே கூரை ஒழுகியது. மாமா தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு, பஞ்சகச்சத்தோடு ஏணியில் ஏறிவிட்டார்.

“இறங்குங்க சாமி, நான் ஏறுதேன்!”

“கூரை என் பொறுப்பு. நீர் ஏணியைப் பிடியும்!”

தெருவே குடை பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது.

பிறகுதான் உண்மையான சோதனை. பெரிய ஜவுளிக்காரர் ஒருவர் அந்தக் கடைக்கு, கேட்ட பகடியைத் தருவதாக வந்தார். மாமா பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். “பாயைக் கிளப்பிடலாம்ப்பா. வெறும் பேப்பர்தானே?” என்றான் பிள்ளை.

“பேப்பர்தான்டா. அதுல என் பேர் இருக்கே” என்றார் மாமா. ஜவுளிக்காரர் காரில் ஏறிப் போனார்.

சங்கதி தாராவிவரை எட்டிவிட்டது. காசிம் பாய் சாவியோடு வந்து நின்றார். “பொண்ணு கல்யாணத்துக்கு நான் தடையா இருக்கமாட்டேன் சாமி. காலி பண்ணிருதேன்.”

மாமாவுக்கு வந்த கோபத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. “அஞ்சு வருஷம்னு எழுதிட்டு நடுவுல ஓடறீரா? கோர்ட்டுக்கு இழுப்பேன் ஓய்! சாவியை எடுத்துண்டு போய்க் கடையைத் திறவும்!”

வாடகைக்காரன் போகக்கூடாது என்று கேஸ் போடுவதாக மிரட்டிய வீட்டுக்காரரை வேறெங்காவது கண்டதுண்டா?

கல்யாணம் மொட்டை மாடியில் பந்தல் போட்டுச் சிக்கனமாக நடந்தது. சீர்வரிசையில் கனத்த தோல்பெட்டி ஒன்று பளபளத்தது. வாசலில் பன்னீர் தெளித்து வரவேற்றுக்கொண்டிருந்த காசிம் பாயைக் காட்டி, “அவர் யார்?” என்று சம்பந்தி கேட்டார்.

“நம்மாத்து மனுஷர்” என்றார் மாமா.

பக்கத்தில் நின்றிருந்த நான், புகை பட்டதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.