குரங்குக்குக் கடலை போட்டவர்

முதல் குற்றம், தை மூன்றாம் தேதி: மொட்டைமாடியில் காய்ந்த வடாம் முழுவதும் போயிற்று. இரண்டாம் குற்றம், அதே மாதம் பதினோராம் தேதி: ஆராவமுதனின் மூக்குக்கண்ணாடி. அது இப்போது வாசல் மரத்தின் உச்சிக்கிளையில் தொங்கி, மல்லேசுவரம் முழுவதையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. மூன்றாம் குற்றம், மாசி முதல் தேதி: தொழிலாளர்களுக்காக அவர் எழுதிய துண்டுப்பிரசுரத்தை ஒரு தாய்க்குரங்கு கிழித்துத் தின்றது. குட்டிக்கும் ஊட்டியது. தொழிலாளர்கள்கூட அதை அவ்வளவு ஆவலாகக் கையில் வாங்கியதில்லை.

கள்ளுக்கடை மறியலில் மண்டை உடைந்து, ஜெயிலுக்கும் போய் வந்தவர் குரங்குக்கு அஞ்சுவாரா?

“குரங்கு மேல தப்பில்லை,” என்றார் மனைவி அலர்மேல்மங்கையிடம். “அதோட இயற்கையான இருப்பிடம் காடு. ஐரோப்பாவை எடுத்துக்கோ. அந்தக் கண்டம் பூராவுக்கும் ஜிப்ரால்டர்னு ஒரே ஒரு பாறையிலதான் குரங்கு.”

“பாவம், வேற எங்கயும் வடாம் இடத் தெரியாது போலிருக்கு.”

“ஆஸ்திரேலியாவில ஒண்ணுகூடக் கிடையாது.”

“ஏன்னா, அங்க உங்களுக்கு ஒரு ஜாகை பார்க்கச் சொல்லட்டுமா?”

“ஆசியாக் கண்டத்துல அது காட்டுலதான்டீ இருக்கணும்!”

“நாப்பது வருஷம் முன்னால இதுவும் காடுதானே? அதுகளோட ஆத்துல நாமதான் குடி வந்திருக்கோம்.”

ஆராவமுதன் இதைக் காதில் வாங்கவில்லை. அவருக்கு அந்த வழக்கம் இல்லை.

“சனிக்கிழமை தோறும் எவனோ ஆஞ்சநேயர் கோயில் வாசல்ல குரங்குக்குக் கடலை போடறான். அதான் இதுகள் காட்டை மறந்துடுத்து. அவனை நாலு பேர் நடுவில நிறுத்தி, பேரை வாசிச்சு, மன்னிப்புக் கேட்க வைக்கலேன்னா நான் இனிமே மேடை ஏறலை!”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அவள் ஜன்னலைத் திறந்து அடுத்த வீட்டு ஸ்ரீகண்டனைக் கூப்பிட்டாள். “மாமா, கேட்டேளோன்னோ? நீங்கதான் சாட்சி.”

“தெருவுக்கே கேட்டதும்மா!” என்றார் அவர்.

சனிக்கிழமை கோயில் வாசலில் தெருவே திரண்டது. திரட்டியவர் ஆராவமுதன். கூட்டம் சேர்க்க அவருக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? குரங்குகளும் வரிசையாக மதில்மேல் வந்து உட்கார்ந்தன. பிறகு கடலைக் கூடை வந்தது. அதைச் சுமந்து வந்தவள் அலர்மேல்மங்கை.

கொள்கை என்று வந்துவிட்டால் ஆராவமுதனுக்குப் பெண்டாட்டியும் ஒன்று, போலீஸும் ஒன்று.

“நீயா?”

“நான் வெறும் கூடை தூக்கறவள். சேவை வேற ஒருத்தர் பேர்ல நடக்கறது.”

“எவன் பேர்ல? சொல்லு!”

“ஐயோ, அந்தப் பேரை என் வாயால எப்படிச் சொல்றது?”

கூட்டத்தில் இருந்த பெண்கள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஸ்ரீகண்டனுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

“பயப்படாதே!” என்று ஆராவமுதன் மனைவிக்கு அபயம் கொடுத்தார். “எவ்வளவு பெரிய மனுஷனா இருந்தாலும் நான் பார்த்துக்கறேன். அர்ச்சகரே, சேவை நோட்டை எடும்!”

அர்ச்சகர் சேஷகிரி தயங்கினார். “படிக்கத்தான் வேணுமா, ஸ்வாமி? இவ்வளவு ஜனம் இருக்கே.”

“ஜனத்துக்காகத்தான்! உரக்கப் படியும்!”

சேஷகிரி நோட்டைப் பிரித்தார்.

“சனிவாரக் கடலை சேவை. ஜெயிலிலிருந்து க்ஷேமமாகத் திரும்பி வருவதற்காக. ஆத்ரேய கோத்திரம், திருவோண நட்சத்திரம்...” என்று வாசித்து, ஒருமுறை தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“ஸ்ரீமான் ஆராவமுதன்.”