எரிமலைத் தீவில் பார்க்க வேண்டிய இடங்கள்

மனைவியைப் பயமுறுத்தியே தீருவது என்று உமாபதி முடிவு செய்தான்.

முடிவு பெரியது, வேலை சுலபம். மங்கையர்க்கரசி பயப்படுவதற்கென்றே பிறந்தவள். இடி இடித்தால் பயம், ஊசி என்றால் பயம், தெருவில் போலீஸ் வண்டி ஊர்ந்தால் நாம் என்ன தப்பு செய்தோம் என்று யோசித்துப் பயம். கான்வென்ட்டில் படித்தவள் வேறு. தோளில் பல்லி விழுந்தால் மற்ற பெண்கள் அம்மா என்பார்கள், இவள் 'மதர்' என்பாள். அம்மா என்று கூப்பிட அவளுக்கே ஒரு பெண் குழந்தை பிறந்து இரண்டு வயது தாண்டிய பிறகும் இது மாறவில்லை.

பயமுறுத்தக் காரணம் இருந்தது. பாலித் தீவில் கைத்தறிக் கண்காட்சி. காஞ்சிபுரத்திலிருந்து ஒரு தறி போகிறது. நெசவாளர் சங்கம் பிள்ளையார்பாளையத்து உமாபதியைத் தேர்ந்தெடுத்துவிட்டது. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று கோர்த்து நெய்கிற கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நெய்ய, பக்கத்தில் ஒருவர் கரை நூல் ஓட்டுகிற கரை நாடாவைத் தள்ள. ஆகையால் டிக்கெட்டும் இரண்டு. கண்காட்சி முடிந்து ஒரு வாரம் தீவைச் சுற்றிப் பார்க்கலாம், அதுவும் அவர்கள் செலவு.

"சம்சாரத்தைக் கூட்டிக்கினு போய்யா. வெளிநாட்டுக்காரங்க புருஷன் பெண்டாட்டியா உட்கார்ந்து நெய்யறதைப் பார்த்தா சந்தோஷப்படுவாங்க" என்றார் சங்கத் தலைவர் திருஞானசம்பந்தம்.

உமாபதி சந்தோஷப்படவில்லை. மனைவியோடு போனால் அது ஸ்தல யாத்திரை. வாலாஜாபாத் அரிசி மில்லில் இருக்கும் சிநேகிதன் ராஜகோபாலோடு போனால்தான் அது ஊர் சுற்றல். ராஜகோபால் ஏற்கெனவே கறுப்புக் கண்ணாடி வாங்கிவிட்டான். கரை நாடா தள்ளப் பழகட்டும் என்று அவனைத் தறிக்குழியில் உட்காரவைத்துப் பார்த்ததில், திரும்ப வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. போகப் போகச் சரியாகிவிடும் என்று உமாபதி நம்பினான்.

ஆனால் 'நீ வரவேண்டாம்' என்று மனைவியிடம் சொல்ல முடியாது. வீட்டில் அக்கா தில்லையம்மாள் இருக்கிறாள். கணவன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்தவள், இத்தனை வருஷமாக அவன் தறியில் கரை போடுகிறவள், வாயைத் திறந்தால் தெரு முழுக்கக் கேட்கும். மங்கையே தன் வாயால், தலைவர் முன்னால், 'நான் வரலைங்க' என்று சொல்ல வேண்டும்.

முதல் நாள் சாயங்காலம், குழந்தை வள்ளிக்கு அவள் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தான்.

"அந்தத் தீவுல ஒரு ஏரி இருக்குதாம், மங்கை."

"அழகா இருக்குமாங்க?"

"கொதிக்குமாம். பக்கத்துலயே எரிமலை. இறங்கினவன் நம்ம கோயில் இட்லி மாதிரி வெந்துதான் வருவானாம்."

அவள் கையிலிருந்த கவளம் கிண்ணத்திலேயே விழுந்தது. "அப்புறம் ஏங்க அதைப் பார்க்கப் போறாங்க?"

இந்தக் கேள்வியை உமாபதி எதிர்பார்க்கவில்லை. "விதி" என்றான்.

"எனக்குக் கை நடுங்குதுங்க. கொஞ்சம் நீங்க ஊட்டுங்களேன்."

ஊட்டினான். வள்ளி அம்மா தவிர யார் கொடுத்தாலும் துப்புகிறவள். அன்றும் துப்பினாள். சட்டை போனாலும் உமாபதிக்கு உற்சாகம் போகவில்லை. திட்டம் வேலை செய்கிறது.

மறுநாள் கறுப்பு மணல் கடற்கரை. "நெருப்புல வெந்த மணல். சாயப்பட்டறை வாசல் மாதிரி கன்னங்கரேல்னு கிடக்குதாம். கால் வெச்சா செருப்பு உருகி ஒட்டிக்கும். அப்படியே நின்னுக்கினு இருக்க வேண்டியதுதான்."

"எத்தினி நேரம்?"

"அலை வர்ற வரைக்கும்."

"அலை வந்தா?"

"கொண்டுபோய்டும்."

மங்கைக்குத் தலை சுற்றியது. குழந்தையைக் குளிப்பாட்டும் வேலை அன்று உமாபதிக்கு வந்தது.

அதற்கடுத்து வௌவால் குகை. வாசலிலே கோயில், உள்ளே வௌவால். "நம்ம கோயில்லயும் இருக்குதேங்க" என்றாள். "அதெல்லாம் சைவ வௌவால்மா. அங்கே ஆளைத் தூக்கும்." அடுத்தது கடலுக்குள் பாறை மேல் ஒரு கோயில். அடியில் பொந்து, பொந்துக்குள் பாம்பு. அப்புறம் குரங்குக் காடு. தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு ஓடுகிற குரங்குகளை உமாபதி அங்கே நூற்றுக்கணக்கில் குடியேற்றினான்.

ஒவ்வோர் இடத்துக்கும் மங்கை ஒரு சுற்று வெளுத்தாள். ஒவ்வொரு வெளுப்புக்கும் ஒரு வேலை கைமாறியது. தலை வாருவது, தாலாட்டுவது, கால் கழுவுவது. கதை கேட்கிற ஆர்வத்தில் வள்ளியும் துப்புவதை மறந்தாள். வௌவால் வந்தால் வாயைத் திறந்தாள், பாம்பு வந்தால் மென்றாள்.

கடைசியில் உமாபதி பெரிய மலையை எடுத்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அது வெடித்து ஊர் ஊராக அழிந்தது. இதை அவன் சேர்க்கவில்லை, நிஜமாகவே நடந்தது. ராஜகோபால்தான் எங்கேயோ விசாரித்துவந்து சொன்னான். சொல்லிவிட்டு உமாபதியே ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தான்.

"லாவா எந்தப் பக்கம் இறங்குச்சாம்?" என்றாள் மங்கை, சன்னமான குரலில்.

உமாபதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. லாவா என்ற சொல் அவனுக்கே போன வாரம்தான் தெரியும். "உனக்கெப்படி?"

"ஜியாக்ரஃபி சிஸ்டர் போர்டுல படம் போட்டாங்க. அன்னிக்கே எனக்கு ஜுரம்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மனசே சரியில்லைங்க. கொஞ்ச நேரம் அண்ணிகூட தறிகிட்டப் போய் உட்காரட்டுமா? பயம் தெளியும்."

"உட்காரு, உட்காரு" என்றான் பெருந்தன்மையாக. "தினம் உட்காரு. நான் குழந்தையை வெளியே தூக்கிக்கினு போறேன்."

தினம் தூக்கிக்கொண்டு போனான்.

பாஸ்போர்ட்டுக்குப் பெயர் வாங்கத் தலைவர் திருஞானசம்பந்தம் வீட்டுக்கு வந்த அன்று, உமாபதி வேட்டியை மடிப்புக் கலையாமல் கட்டியிருந்தான். ராஜகோபால் கறுப்புக் கண்ணாடியோடு வாசல் பக்கம் தற்செயலாக நின்றான்.

"இன்னாம்மா, ரெடியா?" என்றார் தலைவர்.

மங்கை தலை குனிந்தாள். "எனக்கு பயமா இருக்குதுங்க ஐயா."

உமாபதியின் நெஞ்சுக்குள் நாதஸ்வரம் வாசித்தது. முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டான்.

"என் பயம் கிடக்குது" என்றாள் மங்கை. "இவர் பயத்தை நினைச்சாத்தான் வயித்தைக் கலக்குது."

நாதஸ்வரம் நின்றது.

"யார் பயம்?" என்றார் தலைவர்.

"இவருதுங்க. பொழுது சாஞ்சா எரிமலைப் பேச்சுதான். வெந்துடுவோம்ன்றார், செருப்பு ஒட்டிக்கும்ன்றார், வௌவால் தூக்கிடும்ன்றார். வெளியே சொல்ல வெட்கம், பாவம். குழந்தையை மடியில வெச்சுக்கினாத்தான் கொஞ்சம் அடங்குறார்."

தலைவர் மெல்லத் திரும்பினார். "இன்னாப்பா இது?"

"ஐயா, அது வந்து, சும்மா..."

"சும்மாவா?" தறிக்குழியிலிருந்து தில்லையம்மாள் தலையைத் தூக்கினாள். "அப்ப பொய்யா? பச்சைப் பிள்ளைக்காரியை எதுக்குடா பொய் சொல்லி மிரட்டினே?"

"பொய் இல்லக்கா."

"அப்ப நெசமாவே பயந்தியா?"

வாசலில் ராஜகோபால் கண்ணாடியைக் கழற்றினான். பயந்தேன் என்றால் உமாபதியின் மானம் போகும். பொய் சொன்னேன் என்றால் ஏன் சொன்னாய் என்று அக்கா கேட்பாள். கேட்டுவிட்டு, வாசலில் நிற்பவனைப் பார்ப்பாள். அப்புறம் மானத்தோடு ராத்திரிச் சோறும் போகும்.

"கொஞ்சம்" என்றான் உமாபதி.

"இதுல வெட்கம் இன்னாத்துக்கு?" தலைவர் எழுந்துவந்து அவன் முதுகைத் தடவினார். "நான்கூட லிப்ட்ல ஏறமாட்டேன். உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன். ஆனா தறி போய்த்தானே ஆகணும்? யாரை அனுப்ப?"

"ராஜகோபால்..." என்று உமாபதி முனகினான்.

"அவன் நெசவாளனா?"

"அவன் போன மாசம் குழியில உட்கார்ந்து அறுத்த பாவு இழையை இன்னும் நான் முடி போட்டுக்கினு இருக்கேன்" என்றாள் தில்லையம்மாள். "நான் நெய்யறேன். எத்தினி வருஷம் கரை போட்டவ, உடல் நெய்யத் தெரியாதா? கரைக்கு மங்கை."

உமாபதி சிரித்தான். நல்ல சிரிப்பு, அன்று அவனுக்குக் கிடைத்த கடைசிச் சிரிப்பு. "இவளா? இவளுக்கு நாடாவைப் பிடிக்கத் தெரியுமா?"

மங்கை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குழியில் இறங்கினாள். அக்கா மிதியை மிதித்தாள். நாடா போனது, கரை நாடா வந்தது, இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு திரும்பின. பச்சையும் அரக்கும் சேர்ந்த இடத்தில் ஓர் ஊசி நுழைய இடமில்லை. தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். உமாபதி வாயை மூட மறந்துவிட்டான்.

"எப்படிக் கத்துக்கினே?"

"நீங்கதானேங்க பயம் தெளியட்டும்னு தினம் அனுப்பினீங்க?"

"குழந்தை?" என்றான். அது அவனிடம் மீதியிருந்த ஒரே அஸ்திரம். "பால் மணம் மாறாத குழந்தை. அம்மா இல்லாம எப்படிச் சாப்பிடும்?"

வள்ளி அடுப்படியிலிருந்து தன் கிண்ணத்தைத் தானே இழுத்துக்கொண்டு வந்தாள். அம்மாவைத் தாண்டி, அத்தையைத் தாண்டி, நேராக வந்து அப்பாவின் மடிப்புக் கலையாத வேட்டியில் உட்கார்ந்தாள்.

"பாம்பு சொல்லு" என்றாள், வாயைத் திறந்துகொண்டு.

"ஆச்சு, கவலை விட்டுது" என்று தலைவர் இரண்டு பெயரையும் எழுதிக்கொண்டார். "இங்கிலீஷ் பேச ஆளில்லையேன்னு நெனைச்சேன். அதுவும் சரியாப் போச்சு. ஏம்மா, நீ மட்டும் பயப்படமாட்டியே?"

"பயம்தாங்க, நெறைய" என்றாள் மங்கை. அது உண்மை. நாடாவை அவள் இன்னும் கையிலிருந்து விடவில்லை. "ஆனா அண்ணி வர்றாங்க. அவங்களைப் பார்த்தா எரிமலையே கொஞ்சம் யோசிக்கும்."

பாஸ்போர்ட் வந்தது. தறியைப் பிரித்துப் பெட்டி கட்டினார்கள். ராஜகோபாலின் கறுப்புக் கண்ணாடியைத் தில்லையம்மாள் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள், அவளுக்கு அது எடுப்பாகவே இருந்தது. மெட்ராஸ் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த மங்கை, கண்ணீரோடு குழந்தையை முத்தமிட்டு, கீழே நின்ற கணவனிடம் குனிந்தாள்.

"ஏங்க, நீங்க சொன்ன அத்தினி இடத்தையும் பார்த்துட்டு வரேன். எல்லாம் நீங்க சொன்ன மாதிரியே இருக்குதான்னு அண்ணியும் பார்ப்பாங்க."

உமாபதிக்கு இப்போது நிஜமாகவே பயம் வந்தது.

பஸ் போய்விட்டது. வள்ளியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் தெருவுக்குள் திரும்பினான். இரண்டு பக்கமும் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. ஜன்னல் ஜன்னலாக முகங்கள் எட்டிப் பார்த்தன, சிரிப்பவை ஒன்றும் இல்லை, எல்லாம் இரக்கத்தோடு. எதிர்வீட்டு அங்கம்மாள் ஒரு கிண்ணத்தில் ரசம் எடுத்து வந்து, அவன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, மெதுவாகச் சொன்னாள்:

"பயப்படாதே தம்பி. இனிமே உன்னை யாரும் எங்கேயும் அனுப்பமாட்டாங்க."