டிரான்ஸ்பார்மர் ரூமுக்குப் போட்ட படையல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தள்ளிப் போட்டு வந்தேன். சாமி சம்பந்தப்பட்டது, போதாததற்கு என் மச்சானும் சம்பந்தப்பட்டது. சாமி எப்போதோ மன்னித்திருக்கும். மச்சான் இன்னும் யோசிக்கிறான்.

புதுச்சேரிக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் எனக்கு ஸ்டோரில் வேலை. என் வீட்டுக்காரியின் தம்பி குமரவேல் அங்கேயே எலக்ட்ரீசியன். (வேலை வாங்கிக் கொடுத்தது அவன்தான். அதை அவனும் மறப்பதில்லை, என்னையும் மறக்க விடுவதில்லை.) ஆயுத பூஜை வந்தால் மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்துப் படையல் போடுவது என் பொறுப்பு.

அந்த வருஷம் எனக்கு ஓர் எண்ணம். எல்லா மிஷினுக்கும் உயிர் கொடுப்பது டிரான்ஸ்பார்மர். அதற்கு ஓர் எலுமிச்சம்பழம்கூடக் கிடையாதா? அதன் ரூமுக்கு முன்னால் போய் நின்றேன். கம்பெனி முழுக்க மூட்டையும் டிரம்முமாகக் கிடக்க, அந்தக் கதவுக்கு முன்னால் மட்டும் மஞ்சள் கோடு போட்டு, கோட்டுக்குள் ஒரு துரும்பில்லாமல் இருந்தது. இங்கே எதையும் வைக்கக் கூடாது என்று சுவரில் எழுதியும் இருந்தது. மூட்டை முடிச்சைத்தான் சொல்கிறார்கள், சாமியை யார் தடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரிய மார்க்கெட்டில் வாங்கிய வாழைக்கன்றுகளை இரட்டைக் கதவின் கைப்பிடிகளில் கட்டினேன். சாயாமல் இருக்கக் குறுக்கே ஒரு கயிறு. கதவை ஒட்டி மேசை. அதன்மேல் அம்மன் படம், பொரி, பூசணிக்காய். குமரவேல் டீ குடிக்கப் போயிருப்பான் என்று நினைத்தேன். அவனோ உள்ளே, பேனலுக்குப் பின்னால் ஏதோ சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

மழை விட்ட மத்தியானம். தகரக் கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. மிஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. முதலாளியும் பேக்கிங் பெண்களும் படையலுக்கு வந்திருந்தார்கள். கதவுக்குப் பின்னாலிருந்து டிரான்ஸ்பார்மரின் ரீங்காரம் மட்டும் ஒரே சுருதியில். கண்ணை மூடினால் கர்ப்பக்கிரகத்து இருட்டில் நிற்பது போல. சாம்பிராணிப் புகையில் சுவர்கள் கரைந்துபோயின. என் கால் தரையில்தான் இருக்கிறதா என்பதே தெரியவில்லை. அப்படியே மிதந்துகொண்டு சூடம் ஏற்றினேன்.

கதவு ஆடியது. வாழையிலை நடுங்கியது. கதவிடுக்கில் புகை வந்தது, என் சாம்பிராணி வாசனை இல்லாத புகை. எனக்குப் புல்லரித்துவிட்டது. பேக்கிங் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். முதலாளி செருப்பைக் கழற்றினார்.

“தாயே, உனக்கு என்ன வேணும்?” என்றேன்.

“கதவு வேணும் மாமா” என்றது அம்மன்.

அம்மன் எதற்கு என்னை மாமா என்று கூப்பிட வேண்டும் என்று நான் யோசிப்பதற்குள் இருமலோடு அடுத்த வார்த்தை வந்தது. “ஒயரு கருவுது. மூச்சடைக்குது. மேசைய இழு மாமா.”

வெளிப்பக்கம் திறக்கிற கதவு அது. மேசையை இழுத்தேன். பூசணிக்காய் உருண்டது, பொரி கொட்டியது. கயிறு மட்டும் அவிழவில்லை. பக்தியோடு போட்ட முடிச்சு. பழம் நறுக்கும் கத்தியால் முதலாளி அறுக்க அறுக்க, உள்ளே தட்டும் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. குமரவேலைத் திருப்பிக் கொடுத்துவிடு தாயே என்றேன். அன்றைக்கு நான் செய்த பூஜையே அதுதான்.

கதவு திறந்தது. குமரவேல் தவழ்ந்து வந்து பொரிமேல் உட்கார்ந்தான். முகமெல்லாம் கரி. தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கி, மெதுவாகச் சொன்னான்.

“அந்த எடம் சும்மா கெடக்கல மாமா. நான் ஓடியாறதுக்குக் கெடக்குது.”

இன்றைக்கும் புதுச்சேரி சாரம் பகுதியில் எங்கள் வீட்டில் சூடம் ஏற்றுவதற்கு முன் என் வீட்டுக்காரி கேட்பாள், “உள்ள என் தம்பி இருக்கானா பாருங்க.” பிள்ளைகள் அடுப்படியிலிருந்து, “கதவு வேணும் மாமா” என்பார்கள்.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். எனக்கு அருள் வந்து ஆடினேன் என்று மச்சான் சேர்த்துச் சொல்லிக்கொண்டு திரிகிறான். நான் ஆடவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.