ரோக்காலூபாவின் திருட்டு மணி

"டொக்!"

மணிக்கோபுரத்தில் எவாரிஸ்தோ கயிற்றை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தான். மலையே அதிர ஒலிக்க வேண்டிய மணி, உடைந்த பானை மாதிரி சத்தம் போட்டது. ஏணியில் ஏறித் தடவினான். விளிம்பிலிருந்து ஒரு விரிசல் மேலே ஓடியிருந்தது.

சாதாரண மணியா அது? எழுநூறு வருடத்துக்கு முன், எதிர்மலை ஊரான காஸ்தெல்மோராவோடு சண்டை போட்டு ஜெயித்து, ரோக்காலூபாக்காரர்கள் தூக்கிவந்த மணி. வருடாவருடம் திருவிழாவுக்கு அந்த ஊர்க்காரர்களையே அழைத்து, முன்வரிசையில் உட்கார வைத்து, மேயர் அந்தக் கதையைப் படிப்பார். நண்பகலில் அவர்கள் காது குளிர மணியை அடித்துக் காட்டுவார்கள். இதைப் பார்க்கத்தான் சுற்றுலாக்காரர்கள் அத்தனை செங்குத்துச் சந்துகளிலும் ஏறி வருவது. மணியடிப்பது எவாரிஸ்தோவின் குடும்பத்துக்குப் பரம்பரைப் பெருமை. இன்றைக்குத்தான் திருவிழா.

கீழே சதுக்கத்தில் முன்வரிசை நிரம்பிவிட்டது. வீட்டில் விருந்துக்குச் சமைத்துக்கொண்டிருந்த மனைவி இயோலாந்தாவுக்குப் போன் போட்டான்.

"மணியில விரிசல் விட்டுப்போச்சுடி!"

"ஐயையோ! யார்கிட்டயும் மூச்சு விடாதே. எதையாவது வச்சு அடை!"

மூலையில் கிடந்த சிமெண்டைக் குழைத்து அடைத்தான். சீக்கிரமே இறுகுகிற ரகம். இழுத்துப் பார்த்தான். இப்போது 'டொக்' கூட இல்லை, 'பொத்' என்றது. சிமெண்டைப் பெயர்க்கச் சம்மட்டியால் ஒரு போடு போட்டான். சிமெண்டு அசையவில்லை. மணியில்தான் ஒரு துண்டு பெயர்ந்து கீழே விழுந்து, மேயர் ஒத்தாவியாவின் மேஜையிலிருந்த ஒயின் குடத்தை உடைத்தது.

"எவாரிஸ்தோ! மேல என்னய்யா பண்றே?"

"புறா, மேயரம்மா! புறா விரட்டறேன்!"

"புறா எச்சம் குடத்தை உடைக்குமாய்யா?"

நண்பகல் நெருங்கிவிட்டது. பாண்டுக்காரர்களின் ஒலிபெருக்கி கண்ணில் பட்டது. அதை மேலே தூக்கிவந்து செல்போனோடு இணைத்தான். போன திருவிழா வீடியோவில் மணிச்சத்தம் இருந்ததே! மேயர் கதையைப் படித்து முடித்துக் கையைக் காட்டியதும் அமுக்கினான்.

"டாங்... டாங்..."

பள்ளத்தாக்கே அதிர்ந்தது. சுற்றுலாக்காரர்கள் கைதட்டினார்கள். எவாரிஸ்தோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அந்த நேரம் பார்த்துப் போன் வந்தது. பதற்றத்தில் சிவப்புக்குப் பதில் பச்சையை அமுக்கிவிட்டான்.

"மனுஷா!" கோபுர உச்சியிலிருந்து இயோலாந்தாவின் குரல் முழங்கியது. "பிரமாதம்! விரிசல் விட்ட மணின்னு ஒரு பயலுக்கும் தெரியலையே? அந்தக் காஸ்தெல்மோராக்காரங்க மூஞ்சி எப்படி இருக்கு?"

மேயர் நாற்காலியில் சரிந்தார். பிறகு முன்வரிசை சிரிக்க ஆரம்பித்தது; கண்ணில் நீர் வரச் சிரித்தது.

எவாரிஸ்தோ அங்கேயே குந்தித் தேம்பினான். ஏழு நூற்றாண்டு மானம் அவன் கையாலேயே போய்விட்டது. இனி எந்த முகத்தோடு ஊருக்குள் நடப்பான்?

காஸ்தெல்மோராவின் ரொட்டிக்கடைக்காரர் நஸ்ஸரேனோ படியேறி வந்தார்.

"கேலி பண்ணத்தானே வந்தீங்க? பண்ணுங்க. உங்க ஊர் மணியை நான்தான் உடைச்சேன்" என்றான் எவாரிஸ்தோ.

நஸ்ஸரேனோ அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"அட, அழாதய்யா! எங்க மணியை எங்க தாத்தா காலத்துலேயே ராத்திரியோட ராத்திரியா வந்து கழட்டிட்டுப் போயிட்டோம். நீ உடைச்சது நாங்க பதிலுக்கு மாட்டிவிட்ட மட்ட மணி, இத்தனை வருஷம் தாங்கினதே பெருசு!"