வடிவு ஆமைக்கு ஜோக் புரிந்த நேரம்

ஒரு காட்டில் ஒரு ரிசார்ட் இருந்தது. கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், ஒரு ரிசார்ட்டில் ஒரு காடு இருந்தது.

அது சிங்கராஜாவின் ரிசார்ட். உள்ளே நுழைந்ததும் சூதாட்டக் கூடம். அங்கே ஒரு காட்டுப்பன்றி, தான் புரண்டு வளர்ந்த சேற்றுக்குட்டையை ஒரே சுற்றில் தோற்றுவிட்டு, "இன்னும் ஒரு தடவை சுத்துங்கண்ணே, பொண்டாட்டி வீட்டுக் குட்டை ஒண்ணு இருக்கு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டினால் காமெடி கிளப். சனிக்கிழமை ராத்திரி அங்கே ஒரு குரங்கு நின்றுகொண்டு ஜோக் சொல்லும். மற்றவர்கள் உட்கார்ந்து சிரிக்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை வாசல் வரிசையில் வடிவு என்கிற ஆமை நின்றாள். அவள் சிரிக்க வரவில்லை. ஏரிக்கரை மணலில் பதினொரு முட்டை புதைத்து வைத்திருந்தாள். அந்தக் கரையைத் தோண்டி நீச்சல்குளம் கட்டப் போகிறார்களாம். திங்கட்கிழமை காலையில் யானைகள் வேலைக்கு வருகின்றன. முட்டைகளை இடம் மாற்றினால் குஞ்சு பொரிக்காது. மனு எழுதிக்கொண்டு நாலு தடவை ஆபீசுக்கு நடந்தாள். மேனேஜர் நரி முதல் தடவை படிவம் தப்பு என்றது. இரண்டாம் தடவை சரியான படிவம் தீர்ந்துபோச்சு என்றது. மூன்றாம் தடவை செல்போனில் போடு என்றது. நாலாம் தடவை அவள் போய்ச் சேர்வதற்குள் ஆபீசையே பூட்டிவிட்டார்கள்.

"நேரா ராஜா கையிலேயே குடுத்துருவோம்க்கா" என்றாள் பக்கத்து வளை முயல் கோமு. "காமெடி முடிஞ்சு சிரிச்ச முகமா எந்திரிப்பாரு பாரு, அப்போ நீட்டிடு."

"என்னத்தச் சொல்லி நீட்டுறது? நாலு பேரைப் பார்த்தாலே எனக்குத் தலை உள்ளே போயிருதே கோமு."

"தலை உள்ளே போனா போகட்டும். கையை மட்டும் நீட்டு."

வாசலில் நரி ஒரு படிவம் கொடுத்தது. பெயர், இனம், சிரிக்கும்போது பல் தெரியுமா என்றெல்லாம் கேட்டிருந்தது.

"எனக்குப் பல்லே கிடையாதே" என்று வடிவு பயந்தாள்.

"'பொருந்தாது'ன்னு போடுக்கா. எந்த ஃபாரத்துலயும் நமக்கு அதுதான்."

பிறகு ஆளுக்கொரு பட்டையைக் கையில் கட்டினார்கள். சிரித்தால் அதில் பச்சை விளக்கு எரியும். மூன்று ஜோக்குக்கு விளக்கு எரியவில்லை என்றால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடுவார்கள்.

முன்வரிசையில் சிங்கராஜா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். குரங்கு மைக்கைப் பிடித்தது.

"போன வாரம் எனக்கும் என் சம்சாரத்துக்கும் சண்டை. கோபத்துல அவ என்னைப் பார்த்து, 'நீயெல்லாம் ஒரு மனுஷனா'ன்னு கேட்டுட்டா. ரெண்டு நாளா எனக்கு வாழைப்பழம் இறங்கலை. என்ன இருந்தாலும் கட்டின புருஷனை அவ்வளவு பெரிய கெட்ட வார்த்தை சொல்லலாமா?"

கூட்டம் குலுங்கியது. கோமு 'போன வாரம்' என்றபோதே சிரிக்க ஆரம்பித்திருந்தாள். வடிவு யோசித்தாள். குரங்கு எப்படி மனுஷனாகும்? அந்த அம்மாவுக்குக் கண் சரியில்லையோ? பாவம், யாராவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகக் கூடாதா?

குரங்கு இரண்டாவது ஜோக்கையும் சொல்லி முடித்தது. வடிவு இன்னும் முதல் ஜோக்கிலேயே இருந்தாள். நரி அவளுடைய பட்டையைப் பார்த்துவிட்டு இரண்டாவது விரலை மடக்கியது.

"அக்கா, சும்மாவாச்சும் சிரிச்சுத் தொலையேன்!"

"பொய்யாச் சிரிச்சா ஓட்டுக்குள்ள இடிக்குது கோமு."

மூன்றாவது ஜோக்குக்கு முன்னால் சிங்கராஜாவே மேடை ஏறினார். எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"நீங்கள்லாம் சிரிக்கணும்னுதான் இதைக் கட்டினேன். நான் ஏரிக்கரையைப் பிடுங்குறேன்னு யாரோ மனு எழுதுறாங்களாம். அடுத்தவன் இடத்தைப் பிடுங்க நான் என்ன மனுஷனா?"

எல்லோரும் அவசரமாக வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மனுஷனா. அந்தச் சொல் காதில் விழுந்ததும் வடிவுக்கு மண்டைக்குள் வெளிச்சம் வந்தது. அட! அந்த அம்மா கேட்கவில்லை, திட்டியிருக்கிறாள்!

முதலில் ஓடு ஆடியது. அப்புறம் 'க்கு' என்று ஒரு சத்தம். அப்புறம் அடக்க முடியவில்லை. பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. கூட்டமே திரும்பிப் பார்த்ததில் பயந்துபோய்த் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். சிரிப்பு நிற்கவில்லை. ஓட்டுக்குள்ளிருந்து, குடத்துக்குள் சிரிப்பதுபோல் இன்னும் பலமாகக் கேட்டது.

"ராஜா 'நான் என்ன மனுஷனா'ங்கிறாரு, ஆமை சிரிக்குது டோய்!" என்று பின்வரிசையில் ஒரு கரடி கத்தியது.

அவ்வளவுதான். அதுவரை வாயைப் பொத்திக்கொண்டிருந்த அத்தனை பேரும் வெடித்தார்கள். சூதாட்டக் கூடத்திலிருந்து ஓடிவந்த காட்டுப்பன்றி, என்ன ஏதென்று தெரியாமலே எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது. இரண்டாவது குட்டையும் போயிருந்தது.

சிங்கராஜா கர்ஜித்தார். அதற்கும் கை தட்டினார்கள்.

"யோவ் நரி! நான் மனுஷனா?"

"ஐயையோ, இல்லைங்க ராஜா."

"அப்புறம் ஏன்யா சிரிக்கிறாங்க?"

"ஏரிக்கரையில கட்டப்போற நீச்சல்குளத்துப் படம் வாசல்லயே மாட்டியிருக்குங்க ராஜா. பார்த்துட்டுத்தான் உள்ள வந்திருக்காங்க..."

"கழட்டு! கிழி! குளமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். கரை கரையாவே கிடக்கட்டும். இப்போ சொல்லுங்க, நான் மனுஷனா?"

"இல்லை ராஜா!" என்றது கூட்டம். அப்போதும் ஓட்டுக்குள் மட்டும் சிரிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது.

வெளியே வந்தபோது மனு சுருட்டியது சுருட்டியபடி வடிவின் கையில் இருந்தது.

"எம்மாடி, எவ்வளவு தைரியம்க்கா உனக்கு!" என்றாள் கோமு. "ராஜா மூஞ்சிக்கு நேராவே சிரிச்சிட்டியே!"

"ராஜாவா?" என்றாள் வடிவு. "அவரு எப்போ பேசினாரு?"

பதினொரு முட்டையும் பொரித்தன. அன்றைக்குத்தான் அவளுக்குக் குரங்கின் இரண்டாவது ஜோக் புரிந்தது. குஞ்சுகள் வெளியே வந்து முதலில் கேட்டது அம்மாவின் சிரிப்பைத்தான். காமெடி கிளப் வாசலில் இப்போது புதுப் பலகை தொங்குகிறது: 'ஜோக் உடனே புரிகிறவர்களுக்கு மட்டும் அனுமதி.'

நீதி: மனுவைத் திருப்பி அனுப்ப ஆயிரம் படிவம் உண்டு, தப்பான நேரத்தில் வந்த சிரிப்பைத் திருப்பி அனுப்ப இன்னும் ஒன்றும் அச்சடிக்கவில்லை. ஆகவே, எதையும் உடனே புரிந்துகொண்டு கெட்டுப்போகாதீர்கள்.