கல்யாண வண்டி நின்ற இடங்கள்

சிங்கப்பூர் டோபி காட் சிக்னலில் பச்சை விழுந்ததும் கார் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. பின்னால் ஏழெட்டு வண்டிகள் ஹாரன் அடித்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வருங்காலச் சம்பந்தி, யாரும் தன்னைப் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை பொண்ணை இதுலதான் அழைச்சிட்டு வரப்போறீங்களா?"

ரமணன் சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

அவருக்குப் பேச்சு வராது. கல்யாண விருந்தில் அப்பா நாலு வார்த்தை பேச வேண்டும் என்று மகள் நிரஞ்சனா கேட்டபோது, "நான் கார் ஓட்டுறேன்" என்று மட்டும் சொல்லியிருந்தார். ஈசூன் வீட்டிலிருந்து கோயில் வரை, தன் ஐம்பது வயதுக் காரில் அவளைக் கொண்டுபோய் இறக்குவது. அவர் பேசவிருந்த பேச்சு அவ்வளவுதான்.

மறுநாள் ஒலி முகம்மதுவின் பட்டறையில் எஞ்சின் மூடி திறந்தது.

"பாயிண்ட் கருகிப்போச்சு அண்ணே." ஒலி முகம்மது இரண்டு சிறிய உலோகத் துண்டுகளைக் கையில் எடுத்துக் காட்டினார். "இது ரெண்டும் தொட்டுத் தொட்டு விலகினாத்தான் பொறி வரும். எத்தனை தடவை ராவிவிடுறது? எலக்ட்ரானிக் போட்டுடலாம்லா."

"அது நிக்காதா, பாய்?"

"உரசுறதுக்கே ஒண்ணும் இல்லையே. ஒரு குட்டி விளக்கு, எதிர்ல ஒரு கண்ணு, நடுவுல ஒரு தட்டு சுத்தும். தட்டு வெளிச்சத்தை மறைக்கும்போதெல்லாம் பொறி. அப்புறம் நீங்க மூடியைத் திறக்கவே வேணாம்."

பட்டறையின் போனையும் தேநீரையும் கவனித்துக்கொள்ளும் அவர் மனைவி ருக்கையா, இரண்டு கோப்பைகளை வைத்துவிட்டு, "கல்யாண வண்டி, பார்த்துச் செய்யுங்க" என்றார்.

புதுச் சாமான் ஏறியது. மதியத் தொழுகை முடிந்து வந்து, கண்ணும் தட்டும் இருந்த சின்ன டப்பாவை மூடிப் பூட்டினார் ஒலி முகம்மது. எஞ்சின் பூனைபோல முனகியது. ரமணனுக்குச் சிரிப்புகூட வந்தது.

விரைவுச்சாலையில் நான்காவது கிலோமீட்டரில் கார் நின்றது. முன்பெல்லாம் இருமிவிட்டு நிற்கும். இப்போது அதுவும் இல்லை.

இழுத்துவந்து திறந்தால், அந்தக் கண்ணின்மேல் மெல்லிய வெள்ளைத் தூள்.

"வெளிச்சம் போகல அண்ணே. அதான். உங்க கார்பார்க்ல ஏதும் சுண்ணாம்பு அடிக்கிறாங்களா?"

"இல்லையே."

புதன்கிழமை ஒலி முகம்மது ஒவ்வொரு பாகமாகத் துடைத்தார். பஞ்சால், பிரஷ்ஷால், கடைசியில் மூச்சால். மதியம் போய்த் தொழுதுவிட்டு வந்து பூட்டினார். கார் ஈசூன் தொழிற்பேட்டையின் வாசலைத் தாண்டியது. அடுத்த பஸ் நிறுத்தத்தில் நின்றது. உள்ளே முன்னைவிட அதிகத் தூள்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. வீட்ல பவுடர் ஏதும் போடுறீங்களா?"

"எஞ்சினுக்கா?"

"கேட்டேன்லா."

வியாழக்கிழமை புதிதாக இன்னொரு செட். இந்தத் தடவை தொழுதுவிட்டு வந்ததும், தூசு போகாமல் அந்தச் சின்ன டப்பாவின் மூடியைச் சுற்றி ரப்பர் வளையம், அதன்மேல் பசை. எறும்புகூட நுழைய முடியாது என்று ஒலி முகம்மது சத்தியம் செய்தார். கார் பட்டறையைவிட்டு வெளியே வரவே இல்லை. பசையைக் கத்தியால் சுரண்டித் திறந்தபோது உள்ளே பனி பெய்ததுபோல இருந்தது.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடைத்த டப்பாவுக்குள் எப்படி? இரும்பு எங்காவது வெள்ளையாக உதிருமா? ரமணனுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. சட்டைக் காலரைத் தொட்டு விரலைப் பார்த்துக்கொண்டார்.

"முப்பது வருஷம் இந்தத் தொழில்ல இருக்கேன்," என்றார் ஒலி முகம்மது. "மாவரைக்கிற எஞ்சினை இப்பத்தான் பார்க்குறேன்."

ருக்கையா தூணைப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவு செஞ்சும் நிக்குதே" என்று கண் கலங்கினார்.

வெள்ளிக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. அன்று இரவு உணவின்போது நிரஞ்சனா மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, நான் வாடகைக்கு ஒரு லிமோ கார் புக் பண்ணிடவா? உங்களுக்கு டென்ஷன் வேணாம்பா. நீங்க பக்கத்துல உட்கார்ந்து வந்தாலே போதும்."

ரமணன் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தால் ஏதாவது பேச வேண்டியிருக்கும்.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பொறும்மா," என்றார்.

சனிக்கிழமை காலை தேக்கா பக்கம் ஒரு கடையில் மிச்சமிருந்த கடைசிச் செட்டை வாங்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடினார். ஒலி முகம்மது மாட்டினார். ரப்பர் இல்லை, பசை இல்லை. தொழுதுவிட்டு வந்தார், பூட்டினார்.

"ஓடினா ஓடுது. இல்லைன்னா பழைய பாயிண்ட்டையே போட்டுடறேன் அண்ணே. இருமிக்கிட்டாவது போகும்."

கார் கிளம்பியது. பேட்டை வாசல் தாண்டியது. பஸ் நிறுத்தம் தாண்டியது. நான்காவது கிலோமீட்டரில் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள், கார் அடக்கவில்லை. நம்பிக்கை வராமல் தீவின் மேற்குக் கோடியான துவாஸ் வரைக்கும் போய், அங்கேயும் நம்பிக்கை வராமல் திரும்பி வந்தார்கள். எங்கும் நிற்கவில்லை. திறந்து பார்த்தால், கண் பளிங்குபோல இருந்தது.

ரமணன் நிரஞ்சனாவுக்குப் போன் போட்டார். "லிமோ வேணாம்மா," என்றார். மறுமுனையில் அவள் கத்திய கத்தலில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

பிறகுதான் குழப்பம் திரும்ப வந்தது.

"இன்னைக்கு என்ன பாய் மாத்திச் செஞ்சீங்க?"

"ஒண்ணுமே மாத்தலையே அண்ணே. நீங்க ஏதும்...?"

"நான் தொடவே இல்லையே."

இருவரும் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார்கள். தேநீர்க் கோப்பைகளோடு வந்த ருக்கையா, குற்றம் செய்தவர்போலத் தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணே, பொண்ணு போற வண்டியாச்சே, உங்க வழக்கமாச்சேன்னு, தினம் இவங்க தொழப் போற நேரத்துல பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் அக்கா குடுத்த விபூதியை மறக்காம உள்ள தூவிவிட்டேன், இன்னைக்குன்னு பார்த்துத் தீர்ந்துபோச்சு."