ஹைட்ராலிக் மாப்பிள்ளை

கல்யாணத்துக்கு வரன் தேடும் காலத்தில் ஒருவனுடைய உத்தியோகம் அவனைக் கேட்காமலேயே உயர்ந்துவிடும். என் உத்தியோகமும் அப்படித்தான் உயர்ந்தது. பீன்யா தொழிற்பேட்டையில், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பிரஸ் மெஷின் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. தயாராகி வரும் மெஷின்களில் பிரஷர் மீட்டரை மாட்டி, முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மொத்த வேலையும் அவ்வளவுதான். ஜீவனஹள்ளியில் எங்கள் தெருவுக்கு வந்து சேரும்போது அது 'பையன் ஹைட்ராலிக்ஸ்ல இருக்கான்' என்று ஆகியிருந்தது. அங்கிருந்து தரகர் வாய்வழியாக வர்த்தூர் கிராமத்துக்குப் போனபோது நான் ஹைட்ராலிக் இன்ஜினியர். (மறுக்க வேண்டியதுதானே என்கிறீர்களா? ஐந்து இடத்தில் தட்டிப்போனவன் மறுப்பானா?)

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஆனி மாத ஞாயிற்றுக்கிழமை. அப்பாவுக்கு டியூட்டி என்பதால் அம்மாவும் நானும் மட்டும் வர்த்தூருக்குப் பெண் பார்க்கப் போனோம். நாலரைக்கு ராகு காலம், அதற்குள் பெண்ணைப் பார்த்துவிட வேண்டும் என்று அம்மா பஸ்ஸிலேயே மூன்று முறை சொல்லிவிட்டாள். பார்க்காமல் ராகு காலம் வந்துவிட்டால் அது சகுனம், எழுந்து வந்துவிட வேண்டியதுதான் என்றாள். பெண் வீட்டு வாசலை அடைந்தபோது மணி இரண்டு. ராகு காலத்தை யார் நினைத்தார்கள்?

பெண்ணின் அப்பா கோவிந்தராஜ் வாசலிலேயே கும்பிட்டு வரவேற்றார். ஐந்து ஏக்கர் ராகி, கொஞ்சம் கீரை, என்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு சாம்பல் நிற டிராக்டர். இவையே அவருடைய சொத்து. டிராக்டர் முற்றத்தில் நின்றது. பின்னால் ஏர் மாட்டியிருந்தது. முன்னால் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

"நீங்கல்லாம் வரீங்கன்னு வீடு, மாடு, வண்டி எல்லாத்தையும் நேத்தே கழுவி உட்டுட்டோம்" என்றார். பிறகு முகம் சுருங்கியது. "காலையிலேர்ந்து ஏரு மேல ஏறவே மாட்டேங்குது தம்பி. இஞ்சின் நல்லா ஓடுது. லிப்ட்டு மட்டும் அசையல. மழ வந்து மண்ணு பதமா இருக்குது, நாளைக்கி உழுதே ஆவணும். மெக்கானிக் ஹொசக்கோட்டேலேர்ந்து வரணும், இன்னிக்கி ஞாயித்துக்கெழம. ஒரே பேஜாரு."

நான் உட்கார்ந்து கேசரிபாத் சாப்பிட்டிருக்கலாம். ஆனால் அந்த நேரம் பார்த்து ஜன்னல் கம்பிக்குப் பின்னால் பாதி முகமும் முழம் மல்லிகையும் தெரிந்தன. எனக்கு அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துவிட்டது. கைக்கடிகாரத்தைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தேன்.

"அஞ்சு நிமிஷம். காபி அப்புறம் சாப்பிடலாம்" என்றேன். சட்டைக் கையை மடித்தபோது அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. வீட்டில் ஃப்யூஸ் போனால் மெழுகுவர்த்தி வாங்கி வருகிறவன் நான் என்பது அவளுக்குத் தெரியும்.

லிப்ட் விஷயம் ஒன்றும் பிரம்மவித்தை இல்லை. பம்ப் எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் பின்னால் இருக்கும் இரண்டு கைகளைத் தூக்கும், கைகளோடு ஏர் எழும்பும். இவ்வளவும் எனக்குத் தெரியும். இதற்குமேல் எதுவும் தெரியாது. எண்ணெய் அளவைப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. எனக்குத் தெரிந்த சோதனைகள் அத்துடன் தீர்ந்துவிட்டன. ஜன்னலில் மல்லிகை இன்னும் இருந்ததால் வாய் சும்மா இருக்கவில்லை.

"உள்ள பிஸ்டன் ரிங் போயிருக்கு. மூடியத் தொறக்கணும்."

நான் கேள்விப்பட்ட ரிங் அது ஒன்றுதான். சீட்டைக் கழற்றினோம். அதன் கீழே இருந்த கனத்த இரும்பு மூடியின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். நடுவில் பெண்ணின் அம்மா வெளியே வந்து கணவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஏங்க, சுமதி என்னமோ சொல்லச் சொல்றா. கீழ ஏதோ கம்பி இருக்குதாம்."

"பொண்ண உள்ள இருக்கச் சொல்லு. கூப்பிட்டப்புறம் வரட்டும்" என்றார் கோவிந்தராஜ்.

நான் அத்துடன் விட்டிருக்கலாம். விடவில்லை. "கம்பி கிம்பி எல்லாம் இல்லீங்கம்மா. இது ஹைட்ராலிக்ஸ்" என்று சிரித்தபடி சொன்னேன். (அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.)

கோவிந்தராஜும் பக்கத்து வீட்டுக்காரரும் நானுமாக மூடியைத் தூக்கி ஒரு கோணிமேல் வைத்தோம். என் கிரீம் நிற பேன்ட் முழங்கால்வரை கறுத்துவிட்டது. கை முழங்கைவரை எண்ணெய். பிஸ்டனை வெளியே எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். ரிங் புத்தம் புதிதுபோல இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக, எண்ணெயில் பளபளவென்று, என்னைப் பார்த்து இளிப்பதுபோல இருந்தது. எதைக் குறை சொல்வது என்றே தெரியவில்லை. ஓடிக்கொண்டிருந்த டிராக்டரைப் பிரேதப் பரிசோதனை செய்து வைத்திருக்கிறேன் என்பது மட்டும் புரிந்தது.

மறுபடி பெண்ணின் அம்மா வந்தார். "அந்தக் கம்பிதானாம்..."

"உள்ள போம்மா" என்றார் கோவிந்தராஜ். இப்போது அவர் குரலில் பழைய மரியாதை இல்லை. என்னிடம் திரும்பி, "இன்னா தம்பி, நாளைக்கி ஏரு ஓடுமா ஓடாதா?" என்றார். பெண் கிடைப்பாளா என்ற கேள்வி போய், நாளை இவர் நிலத்தை எதை வைத்து உழுவார் என்ற பயம் வந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில் ஒரு குடும்பத்தின் உழவைக் கெடுத்தவன் என்ற பெயரோடு ஊர் திரும்ப வேண்டும்.

அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். "மணி நாலேகால்டா" என்றாள்.

அப்போதுதான் சுமதி வெளியே வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. ஆனால் கையில் காபித் தட்டு இருந்தது. பெண் பார்க்கும் நாளில் பெரியவர்கள் கூப்பிட்டால்தான் பெண் வெளியே வரலாம், வரும்போது கையில் காபி இருக்க வேண்டும். இரண்டு விதியில் ஒன்றையாவது காப்பாற்றுவோம் என்று நினைத்திருப்பாள் போல. பட்டுப்புடவையோடு நேராக டிராக்டரிடம் வந்தாள். தட்டைப் பின்சக்கர மட்கார்ட் மேல் வைத்துவிட்டு, கழற்றிய சீட் இருந்த இடத்துக்குக் கீழே இடது பக்கம் நீட்டிக்கொண்டிருந்த ஒரு சின்ன லிவரைக் காட்டினாள்.

"இது பம்ப்ப இஞ்சினோட சேக்கற லிவரு. இதத் திருப்பி உட்டாத்தான் பம்ப்பு ஓடும். நேத்து வண்டியக் கழுவுனது நான்தான். துணி மாட்டி இழுத்துக்கிச்சு போல. அம்மாகிட்ட ரெண்டு வாட்டி சொல்லி அனுப்புனேன்."

பிறகுதான் தெரிந்தது, பாதி நாள் அந்த டிராக்டரை ஓட்டுவதே அவள்தான். நான் வருகிறேன் என்று வண்டியைக் கழுவி, அதனால் லிவர் நகர்ந்து, அதைச் சொல்லலாம் என்றால் நான் வந்திருப்பதால் வெளியே வரமுடியாமல், இரண்டு மணி நேரம் ஜன்னலில் நின்று நான் பிரித்துப் போடுவதைப் பார்த்திருக்கிறாள்.

எனக்கு அழுகை வரும்போல இருந்தது. "நான் இன்ஜினியர் இல்லீங்க. மெஷினுக்கு மீட்டர் மாட்றவன்" என்று சொல்லிவிட்டேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சுமதி என்னைப் பார்த்தாள். "சரி, கழட்டுனது நீங்கதானே. வாங்க, மாட்டலாம்" என்றாள். காபி ஆறிப்போயிருந்தது. அதைக் குடித்துவிட்டு வேலையை ஆரம்பித்தோம். எது எங்கே போகும் என்று அவள் சொன்னாள், நான் மாட்டினேன். போல்ட் இறுக்குவது எனக்கு நன்றாக வரும். கம்பெனியில் அதைத்தானே செய்கிறேன். ராகு காலம் முக்கால்வாசி முடிந்திருந்தபோது கோவிந்தராஜ் இஞ்சினைக் கிளப்பினார். சுமதி லிவரைத் திருப்பினாள். அவர் லிப்ட் கைப்பிடியைத் தூக்கினார்.

ஒரு விநாடி ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் தெரு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டேன். பிறகு ஏர் மெல்ல அசைந்து, தரையை விட்டு எழும்பி, என் இடுப்பு உயரத்தில் நின்றது. அப்பாடா என்று நான் விட்ட மூச்சு வர்த்தூர் ஏரிவரை கேட்டிருக்கும். என் வாழ்க்கையில் பிறகு எத்தனையோ நல்லது நடந்திருக்கிறது. அந்த ஏர் எழும்பியதுபோல ஒன்றும் என்னை அவ்வளவு நிம்மதிப்படுத்தவில்லை.

ராகு காலம் வந்துவிட்டதே என்று பெண்ணின் அம்மா கையைப் பிசைந்தார். என் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பொண்ணு நாலேகாலுக்கே வெளிய வந்துடுச்சி. நாங்க அப்பவே பாத்துட்டோம்" என்றாள்.

கோவிந்தராஜ் மகளைப் பார்த்தார். "நீ இன்னாம்மா சொல்ற?"

"கழட்டுன எல்லாத்தையும் திருப்பி மாட்டிட்டாருப்பா. பொய்யையும் மறைக்கல. போதும்."

அவர் என் எண்ணெய்க் கையைப் பார்த்து, "சோப்பு வேணுமா மாப்ளே?" என்றார்.

இத்தனை வருடங்களாக எங்கள் வீட்டில் மிக்ஸி நின்றாலும் மோட்டார் நின்றாலும் மாமனார் போனில் முதலில் கேட்பது ஒன்றே: "மூடியத் தொறந்துட்டீங்களா மாப்ளே, இல்ல தடுக்க இன்னும் டைம் இருக்குதா?"

இரண்டு வருடம் முன்பு எங்கள் மகளைப் பார்க்க ஒரு பையன் வந்தான், அவனும் பெரிய கம்பெனி இன்ஜினியர். கதவைத் திறக்கும் முன்பே சுமதி மகளைக் கூடத்தில் முதல் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள். பேச்சுக்கு நடுவே மின்விசிறி நின்றது. பையன் சட்டென்று எழுந்து சட்டைக் கையை மடிக்க ஆரம்பித்தான்.

"உக்காருங்க. ஸ்விட்ச்சு லூசு, தட்டுனா சுத்தும்" என்றாள் என் மகள், உட்கார்ந்த இடத்திலிருந்தே. பையன் போய்த் தட்டினான், விசிறி சுற்றியது.

மூலையிலிருந்த மாமனார் என் பக்கம் சாய்ந்தார். "முடிச்சிடலாம் மாப்ளே. பொண்ணு சொன்னதக் காதுல வாங்குறான்."